மூட்டை முடிச்சோடு

ராஜீய மேடைகளில் நெடுநாளாக அடிபட்டு வரும் இங்கிலீஷ் தொடர்களில் ‘பேக் அண்ட் பேக்கேஜ்’ என்பதும் ஒன்று. ஒருவனை ஓரிடத்தினின்று அறவே அகற்ற வேண்டுமென்று சொல்ல விரும்பும் பிரசங்கி, ‘போக வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் சபையோருக்கு உறைக்காதென்று எண்ணி, இந்தத் தொடரையும் கூட்டிக்கொள்ளுகிறார். தமிழில் ‘மூட்டை முடிச்சோடு’ என்கிறோம். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு அகப்படுவது அரிது. ஆயினும், இன்று இழிவோடு துரத்தப்படுவதைக் குறிக்கும் இத்தொடர், உற்பத்தியான காலத்தில் கௌரவத்தோடு வெளியேறுவதைக் குறித்தது என்று சொன்னால் நேயர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள். அந்தச் சரித்திரத்தை இங்கே சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம். சொல்லாராய்ச்சியில் ருசியுள்ளவர்களுக்கு மாத்திரமன்றி, சொல்லைக் கொண்டு ராஜீயம் நடத்துகிறவர்களுக்கும் அதில் விஷயமுண்டு.

முதலில் சொல்லின் அமைப்பைக் கவனிப்போம். ‘பேக்’ என்பது பை. ‘பேக்கேஜ்’ என்பது பிரயாணச் சாமான். சிறப்பாக, பட்டாளத்தின் பின்னால் வண்டிகளிலும் கழுதைகளிலும் ஏற்றிவரும் பாரம். இவற்றில் ஒன்றைச் சொன்னாலே கருத்து விளங்கிவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஓசைக்காகவும் அழுத்தத்திற்காகவுமே. இங்கிலீஷ் பாஷையில் இவ்வித ஜோடிகள் ஏராளம். ‘பார்ட் அண்ட் பார்சல்’, ‘சேஃப் அண்ட் சவுண்ட்’, ‘மைட் அண்ட் மெயின்’ என்பவை யாவும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. முதலெழுத்து ஒன்றி வருவதை நாம் மோனை என்கிறோம். அவர்களும் பழங்காலத்தில் மோனையை ஆதாரமாகக் கொண்டே கவி பாடினார்கள்.

நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு வேறொரு ரகமான ஜோடிகளும் தெரிந்திருக்கும். ‘வில் அண்ட் டெஸ்டமெண்ட்’, ‘குட்ஸ் அண்ட் சாட்டெல்ஸ்’ முதலியவை அவை. 1066-ம் வருஷத்தில் நார்மானியர் இங்கிலாந்தை ஜெயித்த பிறகு, ஆளுகிறவர் பாஷை ஒன்றும் ஆளப்படுகிறவர் பாஷை ஒன்றுமாகப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. பத்திரம் எழுதுகிறவன் எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு பாஷையிலும் ஒவ்வொரு சொல்லை எடுத்து வைத்தான். அந்த வழக்கத்தின் சேஷம் இன்றும் தாவாக்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நமது பத்திரங்களிலும் ‘தோட்டம் துரவு’ என்று எழுதுகிறோம். துரவு என்றால் கிணறு என்பது எழுதுகிற குமாஸ்தாவுக்கும் தெரியாது, கையெழுத்திடும் கக்ஷிக்காரருக்கும் தெரியாது. ஆனால் கிணற்றைப் பற்றி வழக்கு வந்துவிட்டால், அந்த ஒரு சொல்லுக்கு உயிர் வந்து எழுந்து நின்றுவிடும்.

பத்திரத்திற்கும் பிரசங்கத்திற்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. பத்திரத்தில் ஒரு சொல்லும் வீணாகப் போடப்பட்டதாகக் கொள்ளலாகாது. ஒவ்வொன்றுக்கும் இயன்றவரையில் பொருள் கொடுக்க வேண்டுமென்பது சட்ட வியாக்கியானத்தின் பாலபாடம். மேடையிலோ, சொல்லின் தொகை ஏறஏறச் சத்தம் ஏறுகிறதேயன்றிப் பொருள் ஏறுவதில்லை. ‘பேக் அண்ட் பேக்கேஜ்’ ஒரு காலத்தில் பத்திரத்துச் சொல்லாக இருந்தது. பிறகு மேடைச் சொல்லாக மாறிற்று. அதன் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

எந்தப் பத்திரம் என்று கேட்கலாம். கோட்டையை ஒப்படைக்கும் பத்திரம். ஐரோப்பாவில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் யுத்தமென்பது பெரும்பாலும் கோட்டை முற்றுகையாகவே இருந்தது. உள்ளே தானியமும் மருந்தும் தீர்ந்து, வெளியிலிருந்து உதவியும் வராதென்று தெரிந்தபின், கோட்டைத் தலைவன் தூது அனுப்பி நிபந்தனை பேசுவான். வீரத்தோடு எதிர்த்து நின்ற சேனைக்கு எதிரி சில கௌரவங்களை அளிப்பது வழக்கம். கொடி பறக்க, முரசு முழங்க, துப்பாக்கித் திரி எரிய, ரவை வாயில் இருக்க, மதிலில் இடித்த வழியாக அணிவகுத்து வெளியேறலாம் என்று ஷரத்து எழுதப்படும். அந்த ஷரத்துகளின் வரிசையில் வருவதுதான் ‘பேக் அண்ட் பேக்கேஜ்’. அதாவது, வெளியேறுகிறவர்களின் சொத்தை ஜெயித்தவன் தொடலாகாது.

இது சிறிய சலுகையன்று. அக்காலத்துச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். அவன் சம்பாதித்தது, கொள்ளையில் பெற்றது, சேர்த்து வைத்தது எல்லாம் அந்தப் பையிலும் பாரவண்டியிலும்தான். அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளும் அந்த வண்டிகளோடேயே நடந்து வருவார்கள். (பட்டாளத்தின் பின்னால் வரும் ஸ்திரீகளை முன்னிட்டு, ‘பேக்கேஜ்’ என்பது பெண்களை ஏசும் சொல்லாகவும் ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில், கலியாணத்திற்கு இணங்காத மகளைத் தகப்பன் இந்தச் சொல்லால் வைகிறான்.) ஆகவே சாமானுக்குப் பாதுகாப்புத் தருவதென்பது ஒரு மனிதனுடைய முழு வாழ்க்கைக்கும் பாதுகாப்புத் தருவதாகும். பிரெஞ்சுக்காரர் இதே கருத்தை ‘ஆயுதங்களோடும் சாமான்களோடும்’ என்று இன்றும் வழங்குகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடிருந்தது. சுமார் 1599-ல் இயற்றப்பட்ட ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் விதூஷகன், தானும் தன் தோழனும் கௌரவமாகப் பின்வாங்குவதைப் பற்றிப் பேசும்போது இத்தொடரைக் கொண்டு விளையாடுகிறான். கௌரவமான பின்வாங்கலுக்கும் மூட்டை முடிச்சுக்கும் உள்ள சம்பந்தம் கொட்டகையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தாலன்றி அந்த ஹாஸ்யம் பலித்திராது.

இந்தக் கௌரவங்களை மறுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பாகக் கருதப்பட்டதென்பதற்கு அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1780-ம் வருஷம் மே மாதம் சார்ல்ஸ்டன் நகரம் இங்கிலீஷாரிடம் சரணடைந்தபோது, அமெரிக்கச் சேனை கொடியை விரித்துச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. மறு வருஷம் அக்டோபரில் யார்க்டவுனில் இங்கிலீஷ் சேனை சரணடைந்தபோது, அமெரிக்கர் அதே ஷரத்தைத் திருப்பிப் போட்டார்கள். கொடியைச் சுருட்டி உறையிலிட்டுக்கொண்டுதான் அவர்கள் வெளியே வர வேண்டியதாயிற்று. சேனாதிபதியான காரன்வாலிஸ் பிரபு உடம்பு சரியில்லையென்று சொல்லித் தமக்குக் கீழ்ப்பட்டவரை அனுப்பிவிட்டார். அவரே ஐந்து வருஷத்தில் நமது தேசத்திற்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார்.

இவ்வளவு மரியாதையான தொடர் எவ்வாறு தலைகீழாயிற்று? பார்வை மாறியதே காரணம் என்பது நமது அபிப்பிராயம். போகிறவன் கண்ணால் பார்த்தால், ‘என் பொருள் ஒன்றும் குறையாமல் போகிறேன்’ என்பது தாத்பரியம். அனுப்புகிறவன் கண்ணால் பார்த்தால், ‘அவனுடையது ஒன்றும் இங்கே தங்கலாகாது’ என்பது தாத்பரியம். செயல் ஒன்றுதான்; நிற்கும் இடம்தான் வேறு. கோட்டை யுத்தங்கள் ஓய்ந்து, ஷரத்துப் பத்திரங்களை ஜனங்கள் மறந்த பிறகு, முதற்பொருள் தேய்ந்து இரண்டாம் பொருளே நின்றது. வீட்டுக்காரி வேலைக்காரியை மூட்டை முடிச்சோடு துரத்தினாள் என்று சாதாரணமாக எழுதலானார்கள். சொல்லில் இருந்த உரிமை போய்விட்டது. ஓசையில் இருந்த உறுதி மட்டும் மிஞ்சிற்று.

இதை ராஜீயக் கோஷமாக்கிய பெருமை கிளாட்ஸ்டனுக்கே உரியது. 1876-ம் வருஷம் வசந்த காலத்தில், துருக்கி சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த பல்கேரியாவில் ஒரு கலகம் எழும்பிற்று. அதை அடக்க ஏவப்பட்ட கட்டுப்பாடற்ற படைகள் கிராமங்களைக் கொளுத்தி ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்றன. பட்டக் என்ற ஊரில் நடந்ததை ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகையின் நிருபரான அமெரிக்கர் மக்காஹன் நேரில் கண்டு எழுதினார். அப்போது பிரதம மந்திரியாயிருந்த டிஸ்ரேலி, ஆரம்பத்தில் வந்த செய்திகளைக் காப்பிக் கடை வம்பு என்று அலட்சியம் செய்தார். இந்தியாவுக்குப் போகும் வழியை ருஷ்யா மறிக்காதிருக்கத் துருக்கியை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டுமென்பது இங்கிலாந்தின் பழைய கொள்கை. அதாவது, பல்கேரியக் குடியானவன் தலைவிதியும் நமது தேசத்தை முன்னிட்டே நிர்ணயிக்கப்பட்டது.

கட்சித் தலைமையை விட்டு விலகியிருந்த கிளாட்ஸ்டனுக்கு அப்போது வயது 66. இடுப்பு வலியால் படுக்கையில் கிடந்தபடியே ஒரு பிரசுரம் எழுதினார். அது செப்டம்பர் 6-ந் தேதி வெளிவந்தது. அம்மாத முடிவுக்குள் சுமார் 2,00,000 பிரதிகள் செலவாயின. அதில் அவர் துருக்கிப் போலீஸ்காரன் முதல் பாஷா ஈறாக உத்தியோகஸ்தர்களின் பட்டங்களை அந்தப் பாஷையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கி, அவர்கள் அனைவரும் மூட்டை முடிச்சோடு அந்த மாகாணத்தை விட்டுத் தொலைய வேண்டுமென்று முடித்தார். பிரசுரத்தை அவர் ஸ்டிராட்ஃபோர்டு டி ரெட்கிளிஃப் பிரபுவுக்குச் சமர்ப்பித்தார். கான்ஸ்டாண்டிநோபிளில் நெடுங்காலம் இங்கிலாந்தின் ஸ்தானாபதியாயிருந்த இப்பிரபு, தமது வாலிபத்தில், 1821-ம் வருஷத்தில், சுல்தானை மூட்டை முடிச்சோடு ஆசியாவின் நடுவே துரத்திவிட வேண்டுமென்று இதே தொடரை வழங்கிக் கடிதம் எழுதியவர். டிஸ்ரேலியோ, பல்கேரியக் கோரங்களிலெல்லாம் பெரிய கோரம் இந்தப் பிரசுரம்தான் என்று பரிகாசம் செய்தார்.

ஒரு தொடர் ஒரு கொள்கைக்கே பெயராயிற்று. ‘பேக் அண்ட் பேக்கேஜ் கொள்கை’ என்று நண்பரும் விரோதியும் வழங்கினர். ஆனால் கிளாட்ஸ்டன் கோரியது என்ன? பிரசுரம் வந்த மூன்றாம் நாள் பிளாக்ஹீத் மைதானத்தில் தம் தொகுதி ஜனங்களிடையே அவர் பேசியபோது, சுல்தானின் பெயரளவான அரசுரிமை இருக்கலாம், கப்பமும் அவருக்குச் சேரலாம், பல்கேரியரை ஆளும் அதிகாரம் மட்டும் போக வேண்டுமென்று விளக்கினார். துருக்கி ஜனங்களைத் துரத்த வேண்டுமென்பது அவர் கருத்தன்று. உத்தியோகஸ்தரும் சேனையுமே போக வேண்டுமென்பது கருத்து. பிரசுரத்தை நிதானமாக வாசித்தாலும் அதுதான் கிடைக்கும். ஆனால் 2,00,000 பிரதிகளை வாங்கியவர்களில் எத்தனை பேர் நிதானமாக வாசித்தார்கள்? துருக்கியனே ஐரோப்பாவை விட்டுப் போ என்று அவர் சொன்னதாகவே தேசமெங்கும் பரவிற்று. விளக்கம் விளக்கத்தின் வேகத்தில் சென்றது. கோஷம் கோஷத்தின் வேகத்தில் சென்றது.

அடுத்த வருஷம் ருஷ்யா துருக்கியின்மேல் படையெடுத்தது. டிஸ்ரேலி 7,000 இந்தியச் சிப்பாய்களை 1878-ல் மால்டாத் தீவுக்குக் கொண்டுபோய் ருஷ்யாவுக்குப் பூச்சாண்டி காட்டினார். அவ்வருஷம் பெர்லின் மகாநாட்டில் பல்கேரியாவின் ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய முழு சுயாட்சி கிடைத்தது. பாஷாக்கள் போனார்கள். அவர்களோடு கூட, பாஷாக்களை ஒருபோதும் கண்டிராத முஸ்லிம் குடியானவர்களும் லக்ஷக்கணக்கில் அகதிகளாகத் தெற்கு நோக்கி நடந்தார்கள். குளிரிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். இதற்குக் கிளாட்ஸ்டனைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. யுத்தத்தை நடத்தினவர் அவரல்லர். ஆயினும், எவரைக் குறிக்கவில்லையென்று அவர் விளக்கினாரோ, தலையில் மூட்டையுடன் நடந்தவர்கள் அவர்களே.

இனி வேடிக்கையான பகுதிக்கு வருவோம். 1880-ல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதம மந்திரியானார். 1882-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, அவருடைய மந்திரிசபையின் உத்தரவின்பேரில் இங்கிலீஷ் யுத்தக் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கின. சகிக்கமாட்டாமல் ஜான் பிரைட் மந்திரி பதவியைத் துறந்தார். செப்டம்பரில் டெல்-எல்-கெபீர் போரில் எகிப்தியரின் எதிர்ப்பு முறிந்தது. அந்தப் போரில் நமது சென்னை ‘சாப்பர்’ வீரர்களும் இருந்தார்கள். படையெடுப்புச் செலவில் ஒரு பகுதி இந்தியப் பொக்கிஷத்தின் தலையில் வைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவோமென்று கிளாட்ஸ்டன் உறுதி கூறினார். கடைசி இங்கிலீஷ் சிப்பாய் எகிப்தை விட்டுக் கப்பலேறியது 1956-ம் வருஷம் ஜூன் மாதத்தில். எழுபத்துநான்கு வருஷம்! அதே வருஷக் கடைசியில் திரும்பவும் இறங்கி, உலகம் கைகொட்டிச் சிரிக்க, திரும்பவும் கப்பலேறினார்கள். பெர்லின் மகாநாட்டுச் சமயத்தில் துருக்கியிடம் பெற்ற சைப்ரஸ் தீவு 1960-ல் சுதந்திரமடைந்தது. அங்கே இரண்டு ராணுவத் தளங்கள் இன்றும் பிரிட்டனுடைய சொந்த மண்ணாகவே இருந்து வருகின்றன. பிறருக்கு மூட்டை கட்டச் சொல்லிக்கொடுத்தவர் தம் மூட்டையைக் கட்டுவதில் இவ்வளவு நிதானம் காட்டினார்.

நம் தேசத்தின் கதையிலும் இதே பாடபேதம் நேர்ந்தது. 1942-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாயில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி நிறைவேற்றிய தீர்மானத்தின் சாரத்தை இரண்டே இங்கிலீஷ் சொற்களில் ‘குவிட் இந்தியா’ என்றார்கள். அவற்றைத் தெரிந்தெடுத்தவர் அப்போது பம்பாய் மேயராயிருந்த யூசுப் மெஹரலி என்பது பிரசித்தம். ‘குவிட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு வக்கீலுக்கு நினைவு வருவது வாடகை வீடு. குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரன் கொடுக்கும் அறிவிப்புக்கு ‘நோட்டீஸ் டு குவிட்’ என்று பெயர். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 106-வது பிரிவு, விவசாயத்துக்கோ ஆலைத்தொழிலுக்கோ விட்ட குத்தகையானால் ஆறு மாதமும், மற்றவற்றுக்குப் பதினைந்து நாளும் கெடு சொல்லுகிறது. அந்தச் சொல்லில் வசை கிடையாது. ‘உன் வாயிதா தீர்ந்தது, சுவாதீனத்தை ஒப்புக்கொடு’ என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

தமிழில் அது ‘வெள்ளையனே வெளியேறு’ என்றாயிற்று. கோஷமென்ற முறையில் இதற்கு இணையில்லை. வகரம் வகரத்தோடு மோதி, எதுகையும் கூடி, ஆயிரம் பேர் வாயில் ஒரே மூச்சில் எழும்பக்கூடியது. ஆயினும் மூலத்தில் இல்லாத இரண்டு விஷயங்களைத் தமிழ் சேர்த்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மூலத்தில் வெள்ளையன் இல்லை, இந்தியா இருக்கிறது. தமிழில் இந்தியா இல்லை, வெள்ளையன் இருக்கிறான். மேலும் இங்கிலீஷ் ஏவலில் ஒருமை பன்மை தெரியாது, மரியாதையும் தெரியாது. தமிழில் ‘வெளியேறு’ என்றால் நீ என்று விரல் நீட்டிச் சொல்வதாகும். காந்தியடிகளோ அவ்வருஷம் மே, ஜூன் மாதங்கள் முதலே, போக வேண்டியது பிரிட்டிஷ் அதிகாரம், ஒவ்வொரு பிரிட்டிஷ்காரனுமல்லன் என்று திரும்பத்திரும்ப எழுதிவந்தார். ஜப்பானை எதிர்ப்பதற்காக நேசக்கட்சிச் சேனைகள் சுதந்திர இந்தியாவின் சம்மதத்தோடு இங்கேயே இருக்கலாமென்று தீர்மானமே கூறிற்று. எனவே, ‘மூட்டை முடிச்சோடு’ என்ற விசேஷணம் அந்தத் தீர்மானத்திற்குச் சட்டப்படி பொருந்தாது. கூட்டங்களில் அது தாராளமாகப் பொருந்திற்று. பதினெட்டு வயதில் தடியடி பட்டுச் சிறை புகுந்தவனிடம் போய் மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எவர் விவரிக்கத் துணிவார்?

பின்னர் நடந்தது விசித்திரம். 1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அதிகாரம் கைமாறிற்று. ஆனால் மௌண்ட்பேட்டன் 1948 ஜூன் வரையில் கவர்னர் ஜெனரலாக இருந்தார், நம்முடைய சம்மதத்தோடேயே. சென்னை மாகாணத்தின் கவர்னராக ஸர் ஆர்ச்சிபால்டு நை 1948 செப்டம்பர் வரையில் இருந்தார். தரைப்படையின் தலைமை 1949-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதிதான் காரியப்பாவிடம் வந்தது. விமானப் படைக்கு 1954 வரையிலும், கடற்படைக்கு 1958 வரையிலும் இங்கிலீஷ் தளபதிகளே இருந்தனர். குடியிருந்தவன் போன பிறகும், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவனுடைய ஆட்களை நாமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டோம்.

மேற்படி சொத்து மாற்றச் சட்டத்தில் இன்னொரு ரஸமான விதி உண்டு. 108-வது பிரிவின்படி, குத்தகைக்காரன் தான் நிலத்தில் நாட்டிய வஸ்துக்களைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். ஆனால் சொத்து தன் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் அதை விட்டுப்போக வேண்டும். இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது. முதற்பாதியைப் பொறுத்தவரையில், அவர்கள் நாட்டியவற்றுள் பலவற்றை அவர்களும் பெயர்க்கவில்லை, நாமும் பெயர்க்கச் சொல்லவில்லை. 1860-ம் வருஷத்து தண்டனைச் சட்டம் 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி வரையில் அமலில் இருந்தது. எந்தப் பிரிவின்கீழ்த் திலகரும் காந்தியும் தண்டிக்கப்பட்டார்களோ, அந்த 124-ஏ பிரிவும் 1870 முதல் அதிலேயே இருந்துவந்தது. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. புதுச் சட்டத்தில் அப்பிரிவு பெயரளவில் இல்லை. 152-வது பிரிவு வேறு வார்த்தைகளில் அந்த இடத்திலேயே நிற்கிறதென்று வாதிப்பவர் வக்கீல்களில் பலருண்டு. போனவன் விட்டுப்போன மூட்டையைப் பிரித்து, வேறு துணியில் கட்டி, அதே பரணில் வைத்திருக்கிறோமா என்பது அவர்கள் கேள்வி.

பட்டாளத்தின் விஷயம் மட்டும் சாஸ்திரோக்தமாக முடிந்தது. 1948-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, ஸாமர்செட் லைட் இன்ஃபண்ட்ரியின் முதற்பட்டாளம் பம்பாயில் ‘கேட்வே ஆஃப் இந்தியா’ வாயிலின் ஊடே அணிவகுத்து வந்து கப்பலேறிற்று. இந்தியச் சேனையினர் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினர். கொடி விரிந்தபடி சென்றது; வாத்தியம் முழங்கிற்று; அவ்வாயிலின் வெள்ளி மாதிரி ஒன்று நினைவுப் பொருளாக அளிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டைத் தலைவன் ஒருவன் அங்கே நின்று பார்த்திருந்தால், ‘பேக் அண்ட் பேக்கேஜ்’ என்பதன் பூரணமான அர்த்தம் இதுதான் என்று சொல்லியிருப்பான். கிளாட்ஸ்டனுடைய பொருளில் கேட்ட கோரிக்கை, பழைய பொருளில் நிறைவேறிற்று. இதை நம்மவரின் பெருந்தன்மையென்று சிலரும், ஏமாளித்தனமென்று சிலரும் அந்நாளில் சொன்னதுண்டு. நம்மைப் பொறுத்தவரையில் முதற்கக்ஷியோடு சேருகிறோம்.

ஆனால் அந்தப் பழைய ஷரத்து எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நமது பாஷை இவ்விஷயத்தில் இங்கிலீஷைவிட நுட்பமானது. ‘மூட்டை முடிச்சோடு போனான்’ என்றால், போனவன் கையில் ஏதோ இருந்தது. ‘துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடினான்’ என்றால், பயத்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினான். ‘உடுத்த துணியோடு வெளியேற்றினார்கள்’ என்றால், இருந்ததைப் பிறர் பிடுங்கிக்கொண்டார்கள். இங்கிலீஷ் பத்திரிகைகளில் இம்மூன்று சந்தர்ப்பங்களுக்கும் ‘பேக் அண்ட் பேக்கேஜ்’ என்றே தாராளமாக எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து எழுதும் தமிழ்ப் பத்திரிகைகளும் மூன்றுக்கும் ‘மூட்டை முடிச்சோடு’ என்றே போட்டுவிடுகின்றன.

1963, 1964-ம் வருஷங்களில் பர்மாவில் நே வின் ஸர்க்கார் கடைகளையும் பாங்கிகளையும் தேசியமாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் திரளாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பணமும் நகையும் கொண்டுவரச் சுங்க அதிகாரிகள் விடவில்லை. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பின்னர் ஏற்பட்ட பர்மா பஜார், அவ்விதம் வெறுங்கையோடு வந்தவர்களுக்குப் பிழைப்பாக அமைந்தது. அவர்கள் பர்மாவை விட்டு மூட்டை முடிச்சோடு வந்தார்களென்று எழுதுவது பிழை. மூட்டை துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

இதை நமக்குப் பிறர் செய்த கொடுமையாக மட்டும் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1990-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இலங்கையின் வட மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம் நகரத்தில் அவர்களுக்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன; மிகச் சிறு தொகையே கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது. பலர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். இருபது வருஷத்திற்குப் பிறகும் அங்கேயே இருந்தவர் பலர். சொத்து மாற்றச் சட்டம் மாத வாடகைக் குடிக்காரனுக்குக் கொடுக்கும் பதினைந்து நாள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முற்றுகையில் தோற்ற சிப்பாய்க்குக் கிடைத்த பையும் கிடைக்கவில்லை. அச்சம்பவத்தைப் பற்றி எழுதிய சிலர், அவர்கள் ‘மூட்டை முடிச்சோடு’ வெளியேற்றப்பட்டதாகக் குறிக்கிறார்கள். அழுத்தத்திற்காகப் போட்ட சொல் அங்கே பொய் சாட்சி சொல்லுகிறது. உடுத்த துணியோடு என்று திருத்தி எழுத வேண்டும்.